சோப்புப் போட்டுக் கழுவிய கையில் காரீயம்

கார், யு.பி.எஸ். போன்றவற்றுக்கான காரீய பேட்டரி தயாரிக்கும் ஆலைகளிலும் பழைய பேட்டரியை உருக்கும் ஆலைகளிலும் தொழிலாளர் உடல்நலம் பார்க்கிற மருத்துவர் நான். புதிதாக ஒரு ஆலைக்குப் போனால் முதலில் கேண்டீனுக்குத்தான் வழி கேட்பேன். சாப்பாட்டு நேரத்தில் வாசலில் நின்று, கை கழுவிவிட்டு வருகிறவர்களிடம் "அண்ணே, ஒரு நிமிஷம் கையைக் காட்டுங்க" என்று சொல்லி, உள்ளங்கை, விரலிடுக்கு, நகக்கண் எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து அதன்மேல் சோதனைத் திரவத்தைத் தெளிப்பேன். காரீயம் இருந்தால் துணி சிவக்கும்.

ஒரு ஆலையில், பேட்டரிக்குள் வைக்கும் காரீயத் தகடுகளை (பிளேட்) அடுக்கும் பிரிவைச் சேர்ந்த ஒருவர் என் கண்ணெதிரே இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். துணி மருதாணி போலச் சிவந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, இடது கையில் பிடித்திருந்த டிபன் பாக்ஸை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மறுபடியும் குழாயடிக்குப் போனார். அவர் மேல் தப்பே இல்லை. காரீயத் தூள் தோலின் ரேகைகளில் ஒட்டிக்கொள்ளும், சாதாரண சோப்பு அதை முழுசாக எடுக்காது, அதற்கென்றே வேறு சோப்பு இருக்கிறது. அதை வாங்கி வைக்க வேண்டியது நிர்வாகம்.

(ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு உலோகம். இங்கே நான் சொல்வது காரீயம். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அந்த ஆலையின் வரவேற்பறையில் ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. போலி இல்லை, நிஜமான சான்றிதழ்தான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று யாரும் படிப்பதில்லை. சுற்றுச்சூழலைக் கவனிக்க இந்த ஆலையில் ஒரு நிர்வாக முறை இருக்கிறது, அதை எழுதி வைத்துப் பின்பற்றுகிறார்கள், சட்டப்படி நடக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்கிறது. இலக்கை ஆலையே நிர்ணயித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் ரத்தத்தில் இவ்வளவுக்கு மேல் காரீயம் இருக்கக்கூடாது என்ற எண் அந்தத் தரத்தில் எங்குமே கிடையாது.

காரீயத்துக்கு எண்தான் முக்கியம். இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அளவைக் குறைத்தது. ஆலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்பது அமெரிக்காவில் 1978-லேயே போட்ட வரம்பு. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் போட்ட வரம்பு 0.15, அதாவது மூன்று மடங்கு. ஆகவே "நாங்கள் சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறோம்" என்று ஒரு மேலாளர் சொன்னால் அதை நம்பி நான் எழுந்து வந்துவிட முடியாது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் காரீய பேட்டரிக்கென்றே தனிச் சான்றிதழ் வேண்டும் என்கிற பேச்சு வந்தது. ஓகே இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் 'பெஸ்ட்' என்ற பெயரில் அப்படி ஒரு தரத்தை உருவாக்கியது. ஆலைக்குச் சம்பந்தமில்லாத தணிக்கையாளர் வந்து பார்க்க வேண்டும், மாசு இந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும், அப்புறம் விற்ற பேட்டரி பழசானதும் திரும்ப வாங்கி முறையான மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஏன் என்றால், பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் காரீயம். திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்தலாம், அதனால் பழைய பேட்டரியை யாரும் குப்பையில் போடுவதில்லை, காயலான் கடைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து எங்கே போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூளைப் பிடிக்கும் பேக் ஃபில்டர், ஆசிட் சுத்திகரிப்பு, ரத்தப் பரிசோதனை, கசடை முறையாக அப்புறப்படுத்துவது என்று செலவு செய்கிற ஆலையால் கிலோவுக்கு அதிக விலை கொடுக்க முடியாது. இதில் எதுவுமே செய்யாமல், கோடரியால் பேட்டரியைப் பிளந்து, ஆசிடை மண்ணில் ஊற்றி, இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு உருக்குகிறவர் அதைவிட அதிக விலை கொடுப்பார். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், பெரிய உலையே தேவையில்லை. சரக்கு அங்கே போய்விடுகிறது.

போனால் என்ன ஆகும்? செனகல் நாட்டின் தலைநகர் டக்காரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற குடியிருப்பில், பேட்டரி உருக்கிய மண்ணைச் சலித்துக் காரீயம் எடுத்தார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். யூனிசெஃப் 2020-ல் வெளியிட்ட அறிக்கையின் கணக்குப்படி உலகில் ஏறக்குறைய 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சொல்வது, இப்படி முறையில்லாமல் பேட்டரி உருக்குவதைத்தான்.

நம் நாட்டில் 2001-ல் பேட்டரி விதிகள் வந்தன, 2022-ல் அவற்றை மாற்றி பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. தயாரிப்பாளரே பழையதைத் திரட்டிப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும், அதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. நல்ல விதி, வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சான்றிதழ் கணக்கிடுவது எத்தனை கிலோ மறுசுழற்சி ஆனது என்பதை. உலை முன்னால் நிற்கிறவரின் ரத்தத்தில் எவ்வளவு ஏறியது என்பது அதில் வராது.

தணிக்கைக்குப் போகிற இளம் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உலைப்பக்கம் போங்கள், அங்கே நிற்கிறவர்களின் பெயரைக் கேளுங்கள். ஒரு ஆலையில் பட்டியலில் எல்லோருக்கும் எண் அழகாக இருந்தது, உலையில் கசடு வாரிக்கொண்டிருந்த ஐந்து பேரின் பெயர் மட்டும் அதில் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள், வடக்கே இருந்து வந்தவர்கள். எண் ஏறியவரை நிறுத்திவிட்டுப் புது ஆளை எடுத்தால் சராசரி தானாகக் குறையும், அதையும் பாருங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்குகிறார்களா என்று பாருங்கள், உலர்ந்த தூளைப் பெருக்கினால் மறுபடி காற்றில்தான் ஏறும். குளியலறையில் வெந்நீர் வருகிறதா, வீட்டு உடுப்புக்கும் வேலை உடுப்புக்கும் தனித்தனி லாக்கர் இருக்கிறதா, சீருடையை ஆலையே துவைக்கிறதா?

சீருடையோடு பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் நாலு வயது மகளுக்குப் ரத்தத்தைப் பரிசோதித்தபோது காரீயம் 14 மைக்ரோகிராம் வந்தது. அந்தக் குழந்தை ஆலை இருக்கிற தெருவுக்கே வந்ததில்லை. அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். ஊசி மருந்து போட்டு இறக்கிவிடலாமே என்று கேட்டார். தூள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கும்வரை இறக்கியது திரும்ப ஏறும், தவிர அந்த மருந்து இந்த அளவுக்குக் கொடுக்கிற மருந்தும் இல்லை என்று சொல்லி, அவர் ஆலையில் உடுப்பு மாற்ற ஏற்பாடு செய்தோம். எட்டு மாதத்தில் 8-க்கு வந்தது.

சான்றிதழ் தானாக எதையும் மாற்றாது, வாங்குகிறவர் கேட்டால்தான் அதற்கு மதிப்பு. செல்போன் கோபுரம், வங்கி, மருத்துவமனை, அரசு அலுவலகம் எல்லாம் நூற்றுக்கணக்கில் பேட்டரி வாங்குகின்றன, குறைந்த விலை ஒன்றையே பார்த்து வாங்குகின்றன. நான் ஆலோசகராக இருக்கும் மருத்துவமனையில் யு.பி.எஸ். பேட்டரி டெண்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: தொழிலாளர்களின் கடந்த ஒரு வருட ரத்தக் காரீய அளவுகளைப் பெயரில்லாமல், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, தர வேண்டும், பழைய பேட்டரி எந்த உருக்காலைக்குப் போகும் என்று எழுதித் தர வேண்டும். கொள்முதல் அதிகாரி, "யாருமே டெண்டர் போட மாட்டார்கள் டாக்டர்" என்றார். நான்கு நிறுவனங்கள் போட்டன. இரண்டு அந்தப் பத்தியைக் காலியாக விட்டிருந்தன, ஒன்று ஐ.எஸ்.ஓ. சான்றிதழின் நகலை இணைத்திருந்தது. நாலாவது நிறுவனம் மூன்று பக்க அட்டவணை அனுப்பியது, அதில் ரத்தக் காரீயம் 40 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த ஆறு பேரையும் மறைக்காமல், அவர்களை எந்தத் தேதியில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள் என்பதோடு. அவர்களிடம்தான் வாங்கினோம்.