ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, வரிச்சலுகை உங்கள் சரக்குக்கு வந்து சேர்கிறதா?

2025 ஆகஸ்ட் 27 முதல் பெரும்பாலான இந்தியச் சரக்குகள் மீது அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி விதித்தபோது, திருப்பூர், கரூர், ஆம்பூர் எங்கும் ஒரே பேச்சுதான்: வேறு சந்தை பார்க்க வேண்டும். ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பதும் கஸ்டம்ஸில் சரக்கை விடுவிப்பதும் என் தொழில். அந்த வாரங்களில் போன் ஓயவே இல்லை. துபாய்க்கு அனுப்பலாமா, ஆஸ்திரேலியாவில் வரி இல்லையாமே, லண்டனுக்கு எப்போது பூஜ்யம் ஆகும் என்று கேட்டவர்கள் ஏராளம். "என் பொருளுக்கு அந்தச் சலுகை கிடைக்க நான் என்ன நிரூபிக்க வேண்டும்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. சலுகை கைக்கு வருவதும் நழுவுவதும் இந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது.

உலக வர்த்தக அமைப்பின் அடிப்படை விதிப்படி, ஒரு நாடு எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே வரிதான் போட வேண்டும். இரண்டு நாடுகள் தங்களுக்குள் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டால் அதற்கு விலக்கு உண்டு. அந்த வழியில் இந்தியா கடந்த சில ஆண்டுகளில் வேகமாக நடந்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளது. ஆஸ்திரேலியாவுடனானது 2022 டிசம்பர் 29 முதல். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடனானது 2025 அக்டோபர் 1 முதல். பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. பிரிட்டன் சந்தையில் பல ஆண்டுகளாக நம் பனியனுக்கு 9.6 சதவீத வரி, வங்கதேசத்துப் பனியனுக்கு வரியே இல்லை. ஒரு டீஷர்ட்டில் சில சென்ட்டுகளுக்காக ஆர்டர் கைமாறும் தொழிலில் 9.6 சதவீதம் என்றால் என்ன என்பது திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தச் சுவரை இடிக்க நம் அதிகாரிகள் பல சுற்றுகள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்ததை ஒரு தவறான சான்றிதழில் இழப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பொறுப்பதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சரக்கு போய்ச் சேரும் நாட்டின் இறக்குமதி வரியைக் கட்டுவது பெரும்பாலும் அங்கே அதை வாங்கும் உங்கள் பையர்தான். ஆகவே வரி போனால் மிச்சமாவது முதலில் அவர் பணம். ஆஸ்திரேலியாவில் ஜவுளிக்கு 5 சதவீத வரி இருந்தது. எஃப்.ஓ.பி. மதிப்பு, அதாவது இங்கே கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 40,000 டாலர் உள்ள ஒரு சரக்கில் அது 2,000 டாலர். ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த 2,000 டாலர் யாருக்கு? விலை பேசும்போது நீங்கள் கேட்காவிட்டால் முழுவதும் அவருக்கு. ஒப்பந்தம் நடப்புக்கு வந்த பிறகும் பழைய விலையிலேயே ஆர்டர் எடுத்து, சான்றிதழையும் இலவசமாக அனுப்பிவைக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்கு ஒரு விலை உண்டு. விலை பேசும் மேஜையில் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, எந்தக் காகிதம்? சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின், அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் சான்றிதழ், சுருக்கமாக சி.ஓ.ஓ. இதில் இரண்டு வகை. சரக்கு இந்தியாவிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்கிற சாதாரணச் சான்றிதழ் ஒன்று. வர்த்தகச் சங்கங்கள் தருவது பெரும்பாலும் இதுதான். 2025 ஜனவரி 1 முதல் இதையும் மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டி.ஜி.எஃப்.டி.யின் இணையதளம் வழியாகத்தான் எடுக்க வேண்டும். இதை வைத்து ஒரு பைசா வரி குறையாது. வரி குறைய வேண்டுமானால் எடுக்க வேண்டியது சலுகைச் சான்றிதழ். அது குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் பெயரில், அந்த ஒப்பந்தத்தின் விதிப்படி சரக்கு இந்தியாவில் உருவானது என்று கணக்குக் காட்டி வாங்குவது. இரண்டும் இப்போது ஒரே தளத்தில் கிடைப்பதால் குழப்பம் கூடியிருக்கிறது. அவசரத்தில் சாதாரணச் சான்றிதழை எடுத்து அனுப்பிவிட்டு, கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு பையரிடமிருந்து கோபமான மெயில் வருவதை அடிக்கடி பார்க்கிறேன். சரக்கு போன பிறகும் சலுகைச் சான்றிதழ் வாங்கப் பல ஒப்பந்தங்களில் வழி உண்டு. அதற்குக் கால வரம்பும் உண்டு. அதற்குள் பையர் அங்கே முழு வரியைக் கட்டியிருப்பார். அதைத் திரும்ப வாங்க அவர் அலைய வேண்டும். அடுத்த ஆர்டரில் அந்த எரிச்சல் உங்கள் மேல் விடியும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இலங்கை ஒப்பந்தத்தின் கதை. 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தாகி, 2000 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. விளைவு, பாமாயிலை இலங்கையில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் அனுப்பும் ஆலைகள் அங்கே முளைத்தன. இந்திய முதலீட்டாளர்களே போய்த் தொடங்கியவையும் அவற்றில் உண்டு. இங்குள்ள வனஸ்பதி உற்பத்தியாளர்கள் கூச்சல் போட, ஆண்டுக்கு 2,50,000 டன் என்று இந்தியா வரம்பு கட்டியது. செம்பிலும் இதே தலைவலி. மிளகில் இன்னும் மோசம். ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியில்லாமல் வரலாம் என்பது ஏற்பாடு. வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக இலங்கை மிளகு என்ற பெயரில் வருகிறது என்று நம் மலைத்தோட்ட விவசாயிகள் பல ஆண்டுகள் முறையிட்டார்கள். கடைசியில் 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோ 500 ரூபாய்க்குக் கீழ் மிளகு இறக்குமதி கூடாது என்று குறைந்தபட்ச விலை வைத்தது. ஒப்பந்தம் இல்லாத மூன்றாவது நாடு, ஒப்பந்தம் உள்ள நாட்டின் முதுகில் ஏறி வரக் கூடாது. எல்லா விதிகளும் இந்த ஒரு பயத்தில் பிறந்தவைதான். வெளிநாட்டு கஸ்டம்ஸ் நம்மைச் சோதிப்பதும் அதே பயத்தில்தான்.

இனிக் கணக்குக்கு வருவோம். மலேசியா உள்ளிட்ட தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானுடனான சரக்கு ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 முதல் நடக்கிறது. அதன் பொது விதி எளிது: பொருளின் எஃப்.ஓ.பி. மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டு மதிப்பாக இருக்க வேண்டும். கூடவே, வெளிநாட்டிலிருந்து வந்த மூலப்பொருளின் எச்.எஸ். கோடும் (கஸ்டம்ஸில் பொருளை வகைப்படுத்தும் எண்) முடிந்த பொருளின் கோடும் ஆறு இலக்க அளவில் வேறாக இருக்க வேண்டும். இரண்டும் நிறைவேற வேண்டும், ஒன்று போதாது.

ஒரு தோல் ஷூவை எடுத்துக்கொள்வோம். மலேசியாவுக்கு ஜோடி 20 டாலர் எஃப்.ஓ.பி. சோல், லைனிங், பக்கிள், பசை என்று வெளிநாட்டுச் சரக்கு 12.50 டாலர். அது 62.5 சதவீதம். மிச்சம் 37.5 இந்தியப் பங்கு, தேறிவிட்டது. இப்போது பையர் பேரம் பேசி 19 டாலருக்கு இறக்குகிறார். நீங்களும் சரி என்கிறீர்கள். தொழிற்சாலையில் எதுவும் மாறவில்லை, அதே சோல், அதே தையல். ஆனால் 12.50 என்பது இப்போது 19-ல் 65.8 சதவீதம். இந்தியப் பங்கு 34.2. ஷூ தோற்றுவிட்டது. ஒரு டாலர் தள்ளுபடியில் வரிச்சலுகையே போய்விட்டது. விலை பேசுகிற மார்க்கெட்டிங் ஆளுக்கும் சான்றிதழ் எடுக்கிற டாக்குமென்ட் ஆளுக்கும் நடுவே பேச்சே இல்லாத கம்பெனிகளில் இது யாருக்கும் தெரியாமல் நடக்கும். பழைய காஸ்ட் ஷீட்டை வைத்துச் சான்றிதழ் வாங்கிவிடுவார்கள். அங்கே சோதனை வரும்போதுதான் வெளியே வரும்.

இன்னொன்று. "சோல் நான் இறக்குமதி செய்யவில்லை சார், பெரியமேட்டுக் கடையில் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கினேன்" என்பார்கள். சீனாவில் செய்த சோல் சென்னைக் கடையில் வாங்கினாலும் சீனாச் சோல்தான். எங்கே பில் போட்டார்கள் என்பதில் ஆரிஜின் மாறுவதில்லை. சப்ளையரிடம் அது எங்கே தயாரானது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். பையரே இன்னாரிடம்தான் துணி, பட்டன், ஜிப் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்போது, அதனால் சலுகை போகுமா என்பதை ஆர்டர் ஒப்புக்கொள்ளும் முன்பே கணக்குப் போட்டு அவரிடம் சொல்லுங்கள். பல பையர்கள் அதைக் கேட்டதும் சப்ளையரை மாற்றிக்கொள்வார்கள். வரி அவர் பணம் அல்லவா.

எச்.எஸ். கோடில் நடக்கும் கூத்து தனி. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்ளும். கரூரிலிருந்து போகும் காட்டன் கிச்சன் டவலை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் வளையங்கள் உள்ள டெர்ரி துணியில் செய்தது என்றால் 6302.60. சாதா நெசவு என்றால் 6302.91. கையில் தொட்டுப் பார்த்தாலே தெரியும் வித்தியாசம்தான். ஆனால் இன்வாய்ஸில் இரண்டையும் "காட்டன் டவல்" என்று ஒரே வரியில் போட்டு ஒரே கோடு கொடுத்துவிட்டால், அங்கே பையரின் ஏஜென்ட் பெட்டியைப் பார்த்துச் சரியான கோடைப் போடுவார். சான்றிதழில் ஒன்று, அவர் தாக்கல் செய்ததில் வேறொன்று. அதிகாரி சலுகையை நிறுத்திவைத்து விளக்கம் கேட்பார். கோடுப் பட்டியலே சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. கடைசிப் பெரிய திருத்தம் 2022. பழைய ஒப்பந்தங்கள் பழைய பட்டியலில் எழுதப்பட்டவை. ஆகவே உங்கள் இன்றைய கோடு ஒப்பந்தத்தில் எந்தக் கோடாக இருக்கிறது என்று பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். பையரின் ஏஜென்டிடம் ஷிப்மென்ட்டுக்கு முன்பே "நீங்கள் எந்தக் கோடில் தாக்கல் செய்வீர்கள்?" என்று ஒரு மெயில் போடுங்கள். இதைவிடச் சுலபமான முன்னெச்சரிக்கை எதுவும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது கொழும்பு. நம் கன்டெய்னர்களில் பல கொழும்பில் இறங்கி, பெரிய கப்பலுக்கு மாறிப் போகின்றன. இதனால் சலுகை போகாது. ஆனால் சரக்கு வழியில் கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டிலேயே இருந்தது, யாரும் அதில் வேலை எதுவும் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். தூத்துக்குடியில் தொடங்கிக் கடைசித் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது, இருந்தால் பெரும்பாலும் போதும். சிக்கல் வருவது துபாய் வியாபாரி நடுவில் இருக்கும்போது. இன்வாய்ஸ் அவர் பெயரில், சரக்கு நேரே ஆஸ்திரேலியாவுக்கு என்றால் சான்றிதழில் மூன்றாம் தரப்பு இன்வாய்ஸ் என்று காட்டிச் சமாளிக்கலாம். சரக்கையே துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறக்கிக் கட்டுப்பாட்டை விட்டு வெளியே எடுத்து, அங்கிருந்து புது வியாபாரமாக அனுப்பினால் ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தின் சலுகை கிடைக்காது.

இறக்குமதி செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் உள்ள, ஒப்பந்தச் சலுகையில் வரும் இறக்குமதிக்கான இந்திய கஸ்டம்ஸின் கரோட்டார் விதிகளின்படி, வெளிநாட்டு சப்ளையர் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் மட்டும் போதாது. பொருள் அங்கே எப்படித் தயாரானது, எந்த விதியில் தேறியது என்ற விவரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். சப்ளையர் "அது எங்கள் வியாபார ரகசியம்" என்றால், அந்தச் சலுகையை நம்பி விலை போடாதீர்கள். பின்னாளில் வரியும் வட்டியும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

பிரிட்டன், ஐரோப்பிய நான்கு நாடுகள் போன்ற புதிய ஒப்பந்தங்களில் ஏற்றுமதியாளரே தன் சரக்கின் ஆரிஜினை அறிவிக்கும் முறையும் வந்திருக்கிறது. அலுவலகம் ஏறி இறங்க வேண்டாம் என்று பலர் மகிழ்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் முன்பு ஓர் அதிகாரி உங்கள் காஸ்ட் ஷீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்டார், பிழை அங்கேயே மாட்டியது. இனி அந்தக் கேள்வி சரக்கு விற்று முடிந்த பிறகு வெளிநாட்டு கஸ்டம்ஸிலிருந்து வரும். அப்போது எடுத்துக் காட்ட ஒவ்வொரு ஷிப்மென்ட்டுக்கும் ஒரு ஃபைல் தனியாக வேண்டும்: அன்றைய விலையில் போட்ட காஸ்ட் ஷீட், மூலப்பொருள் பில்கள், சப்ளையர் எழுதிக் கொடுத்தது, ஜாப் ஒர்க் செலான்கள், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங். நூல் ஒரு மில், நிட்டிங் ஒரு இடம், டையிங் ஒரு இடம், தையல் ஒரு இடம் என்று ஓடும் திருப்பூரில் அந்த செலான்கள்தான் முதலில் தொலைகின்றன. ஷிப்மென்ட் போன வாரத்திலேயே அவற்றைச் சேர்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னை, கோவை, மதுரை டி.ஜி.எஃப்.டி. அலுவலகங்களில் ஆர்டர் எடுக்கும் முன்பே போய்க் கேட்கலாம்.