சாக்லேட் தின்றவருக்கு ஏன் உயிர்ப்பயம்?

கஞ்சா புகைத்தவர் சிரித்துக்கொண்டிருக்க, கஞ்சா சாக்லேட் தின்றவர் ‘செத்துடுவேன்’ என்று அலறுவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014-இல் கஞ்சாவைக் கடை திறந்து விற்கத் தொடங்கிய பிறகு இது நன்றாகவே தெரிந்தது. அங்கே விற்ற டிஎச்சியில் (கஞ்சாவில் போதை தரும் பொருள் இதுதான்) தின்பண்டத்தின் பங்கு ஆயிரத்தில் மூன்றுதான். ஆனால் அதன் தலைநகர் டென்வர் அருகே ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கஞ்சாவால் ஓடிவந்தவர்களில் பத்தில் ஒருவர் தின்றவர்.

புகை சில நிமிடத்தில் ஏறும். தின்றது ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வழியில் கல்லீரல் அதை 11-ஹைட்ராக்சி டிஎச்சி ஆக்கும், அதுவும் போதைப்பொருளே. முக்கால் மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு துண்டைப் போட்டால், இரண்டும் சேர்ந்து ஏறும். கொலராடோவில் 10 மில்லிகிராம் டிஎச்சி ஒரு வேளை அளவு. புதியவருக்கு அதுவே அதிகம். சிகாகோ ஆய்வொன்றில் 7.5 மில்லிகிராம் மேடைப்பேச்சுப் பதற்றத்தைக் குறைத்தது, 12.5 மனநிலையைக் கெடுத்தது.

ஐந்து மில்லிகிராம் கூடியதும் கட்சி மாறுவது எப்படி? இங்கேதான் அழகு. மூளையில் சேதி வாங்கும் நரம்பு, ‘போதும்’ என்று அனுப்பியவருக்கே ஒரு ரசாயனத்தைத் திருப்பி அனுப்பும். அப்படிப்பட்ட ஒன்றின் பெயர் அனந்தமைடு; 1992-இல் கண்டவர்கள் ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து வைத்தார்கள். அதை வாங்கிக்கொள்ளும் பூட்டு சிபி1. டிஎச்சியும் அதே பூட்டில்தான் நுழைகிறது. ஆக்சிலரேட்டரான குளூட்டமேட் நரம்பிலும் அது உண்டு, பிரேக்கான காபா நரம்பிலும் உண்டு. ஆக்சிலரேட்டர் பக்கம் பூட்டுகள் குறைவு, ஆனால் சட்டென வேலைசெய்பவை. அதனால் சிறு அளவு டிஎச்சி முதலில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துகிறது: அமைதி. அளவு கூடினால் பிரேக்கும் விட்டுப்போகிறது, பயத்தின் மையமான அமிக்டலாவைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. எலிகளில் பிரேக் பக்கச் சிபி1-ஐ மட்டும் நீக்கியபோது பெரிய அளவிலும் பயம் வரவில்லை.

கூடவே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 20 முதல் 50 துடிப்பு வரை கூடும். அந்தப் படபடப்பையே மூளை ஆபத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும். நேரமும் நீளும், ஐந்து நிமிடம் ஒரு மணியாகத் தெரியும். இதைக் ‘காத்து கருப்பு’ என்று வேப்பிலை அடிப்பது பயத்தைக் கூட்டத்தான் உதவும்.



அகப்பட்டவரை வெளிச்சம் மங்கிய அறையில் உட்காரவைத்து, ‘சில மணி நேரத்தில் இறங்கிவிடும்’ எனத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் சிபி1 மிகக் குறைவு. அபினைப் போல மூச்சு அடங்கிப்போவதில்லை. தண்ணீர் கொடுங்கள், மது வேண்டாம், தனியே விடாதீர்கள். நெஞ்சுவலி, வலிப்பு, அல்லது ஒரு நாள் கழிந்தும் காதில் குரல் கேட்டால் உடனே மருத்துவமனை. பதற்றம் அடங்காவிட்டால் அங்கே லோராசிபாம் தருவார்கள். விட்டுப்போன அதே காபா பிரேக்கை மறுபடி அழுத்தும் மருந்து அது.