கார் டயர் அளவை மாற்றலாமா? சட்டம் சொல்வதும் ஸ்பீடோமீட்டர் காட்டுவதும்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உங்கள் காருக்கு நிறுவனம் ஒப்புதல் தந்த டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சாகியிருக்கும். பெங்களூரு ஜே.சி. ரோட்டு டயர் கடையில் "ஒரு சைஸ் பெருசா போட்டுக்கோங்க சார், கிரிப் நல்லா இருக்கும்" என்று சொல்லும்போது தலையாட்டுவதற்கு முன், அந்த ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமும் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 சொல்வது இது: ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சோதனையில் தேறிய மூல வடிவத்தை மாநில விதியைக் காட்டித் தளர்த்த முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4), அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டயரைப் பற்றியே தனியாகப் பேசுபவை மத்திய மோட்டார் வாகன விதிகள் 94, 95. முதலாவது டயரின் நிலையைப் பற்றியது: காரில் பட்டன் (சாலையில் படும் பள்ளமேடு) ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. இரண்டாவது அளவையும் தாங்கும் எடையையும் பற்றியது.

சொந்தக் காரின் ஆர்.சி.யில் டயர் அளவு இருக்காது என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எல்லோ போர்டு வண்டிகளுக்குப் பதிவு விண்ணப்பமான படிவம் 20-லேயே டயரின் எண்ணிக்கை, அளவு, பிளை ரேட்டிங் (டயரின் பலத்தைக் குறிக்கும் எண்) எழுத வேண்டும். அதனால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் அளவில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. சொந்தக் காருக்கும் 15 ஆண்டு முடிந்ததும் படிவம் 25 கொடுத்து, கோரமங்கலாவோ இந்திராநகரோ உங்கள் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க முடியும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் அங்கே முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? பாதுகாப்பான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் மாடலின் வேறு வேரியண்டுக்கு நிறுவனமே கொடுத்த அளவைப் போடலாம். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்டில் கீழ் வேரியண்டுகளுக்கு 165/80 ஆர்14, மேல் வேரியண்டுக்கு 185/65 ஆர்15. பார்க்க வேறு மாதிரி இருந்தாலும் முதலாவதன் வெளிவிட்டம் 619.6 மி.மீ., இரண்டாவதன் வெளிவிட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் 0.3 சதவீதம்தான். நிறுவனப் பொறியாளர்கள் ரிம்மைப் பெரிதாக்கியபோது பக்கச்சுவரைக் குறைத்து மொத்த விட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். டயர் மாற்றத்தில் பின்பற்ற வேண்டிய முறை இதுதான்.

விட்டம் கணக்கிடுவது எளிது. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120.25 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு பக்கம் சேர்த்து 240.5. ரிம் 15 × 25.4 = 381. கூட்டினால் 621.5 மி.மீ. அதே ரிம்மில் 195/65 போட்டால் 634.5, அதாவது 2.1 சதவீதம் கூடுதல். 205/65 போட்டால் 647.5, அதாவது 4.2 சதவீதம். 16 அங்குல ரிம்மில் 195/55 போட்டால் 620.9, ஏறக்குறைய பழைய விட்டமே.

ஸ்பீடோமீட்டருக்கு டயர் தெரியாது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று தொழிற்சாலையில் வைத்த கணக்கை வைத்து வேகத்தைக் காட்டுகிறது. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டரோ பழைய தூரத்தையே எண்ணிக்கொண்டிருக்கும். மீட்டர் துல்லியமானது என்று வைத்துக்கொண்டால், 205/65 டயரில் அது 98 காட்டும்போது வண்டி உண்மையில் 102 கி.மீ. வேகத்தில் போகும். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையில் வரம்பு 100. கேமரா அளப்பது வண்டியின் உண்மையான வேகத்தை, மீட்டர் காட்டுவதை அல்ல. வேக மீறலுக்குப் பிரிவு 183-இன்படி இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம்.

விதி 117 ஸ்பீடோமீட்டருக்குக் கூட்டியோ குறைத்தோ 10 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. ஐ.நா.வின் ஒழுங்குமுறை 39 இன்னும் கண்டிப்பானது: மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதனால்தான் பெரும்பாலான கார்களில் முள் கொஞ்சம் கூட்டியே காட்டும். பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைத் தின்றுவிடுகிறது. தேய்ந்த டயர் இதற்கு நேர் எதிர். 8 மி.மீ. பட்டன் 1.6 ஆகும்போது விட்டம் ஏறக்குறைய 13 மி.மீ. குறையும், மீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டும்.

"பெரிய டயர் போட்டேன், மைலேஜ் விழுந்துவிட்டது" என்ற புகாரிலும் பாதி உண்மைதான் உண்டு. 30 லிட்டரில் ஓடோமீட்டர் 480 கி.மீ. காட்டினால் லிட்டருக்கு 16 என்று தோன்றும். 205/65 டயரில் நீங்கள் போன உண்மைத் தூரம் 500 கி.மீ.; கணக்கு 16.7. டயர் மாற்றிய பிறகு ஓடோமீட்டரை நம்பி மைலேஜ் ஒப்பிடுவது வீண். சர்வீஸ் இடைவெளிக்கும் இது பொருந்தும்: மீட்டரில் 10,000 என்றால் இன்ஜின் இழுத்த தூரம் 10,400-க்கு மேல்.

இழுவையில் இழப்பு நிஜமானது. விட்டம் 4 சதவீதம் கூடினால், எல்லா கியரிலும் சாலையில் தள்ளும் விசை ஏறக்குறைய அதே அளவு குறையும். சில்க் போர்டு நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியில் கிளட்ச் அதிக நேரம் வழுக்கி, சீக்கிரம் தேயும். அகலமான டயர் ஸ்டீயரிங்கை கனமாக்கும்; தேங்கிய மழைநீரில் சீக்கிரம் மிதக்கும். பக்கச்சுவர் குறைந்த டயரோ நம் ஊர்க் குழிகளில் அடிபட்டுப் புடைக்கும், ரிம் வளையும். பெங்களூருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு 16 அங்குல ரிம் அழகைத் தவிர பெரிதாக எதுவும் தராது.

விட்டம் பொருந்திவிட்டது என்று நிம்மதியாகும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 185/65 ஆர்15 டயரில் 88 என்று இருக்கும். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். 195/55 ஆர்16 டயர் சாதாரண வகையில் 87, அதாவது 545 கிலோ. விட்டம் சரி, எடை குறைவு. குடும்பத்தோடு சாமான் ஏற்றி ஓசூர் தாண்டி சேலம் போகும் வண்டிக்கு இது சின்ன விஷயம் அல்ல. கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்.எல். வகையில் 91 கிடைக்கும், 615 கிலோ. அந்த எண்ணை அடுத்த எழுத்து வேக வரம்பு: டி 190, எச் 210, வி 240 கி.மீ. எண்ணும் எழுத்தும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் உள்ளதற்குக் கீழே இறங்கவே கூடாது. புது ரிம் வாங்கினால் பி.சி.டி. (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அதைப் பொருத்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்), நடுத்துளை விட்டம் மூன்றும் பொருந்த வேண்டும்.

நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏ.பி.எஸ். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் மற்றவற்றோடு ஒப்பிட்டே வேலை செய்கிறது. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று போட்டால் அது குழம்பும். ஸ்டெப்னியும் பழைய அளவிலேயே கிடந்தால், பஞ்சர் அன்று அதே நிலைமை.

மாற்றிய பிறகு செய்ய வேண்டிய சோதனை: ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்க, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்குங்கள், உரசும் சத்தம் வந்தால் அந்த அளவு ஆகாது. பிறகு நெரிசலில்லாத காலையில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் போன்ற நேரான சாலையில், பக்கத்தில் இருப்பவர் போனில் ஜி.பி.எஸ். வேகத்தைப் பார்க்க, மீட்டரில் 60-ஐ நிலையாகப் பிடியுங்கள். மூன்று முறை பாருங்கள். ஜி.பி.எஸ். 60-ஐத் தாண்டினால் உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. சில கார்களில் சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டு டயர் அளவைத் திருத்தலாம். எல்லா மாடலிலும் முடியாது, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் ஐ.எஸ். 15633 என்ற ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், டி.ஓ.டி. எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 3524 என்றால் 2024-இன் 35-வது வாரம். பில்லில் முழு அளவும் எடை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் கொடுத்ததல்லாத அளவு அல்லது ரிம் என்றால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலை பாலிசியோடு சேர்த்து வையுங்கள். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர் டயரின் பக்கச்சுவரையும் படிப்பார்.