மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தால் தெரியும்

போன மழைக்காலத்தில் ஒரு காலை, எழுபது தாண்டிய பாட்டி ஒருவரை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கூப்பிட்டதற்கு ஏதோ சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார், மருமகள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்ததும் தெளிந்துவிட்டார். "வயசாயிடுச்சு டாக்டர், சரியா சாப்பிடறதில்ல" என்று மகன் முடித்துக்கொண்டார். பாட்டி பேசவே இல்லை. மடியில் ஒரு மஞ்சப்பை. அதை வாங்கி மேசையில் கொட்டினேன்.

பதினோரு மாத்திரை அட்டைகள், மூன்று டாக்டர் சீட்டு. சுகருக்குப் பார்க்கிறவர் எழுதியதிலும், இதயத்துக்குப் பார்த்த ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் அன்று எழுதியதிலும் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரை இருந்தது. கம்பெனி வேறு, அட்டை நிறம் வேறு, ஆகவே பாட்டிக்கு அது வேறு மாத்திரை. இரண்டையும் ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டிருக்கிறார். போதாததற்கு முட்டி வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக், இரண்டு மாதமாக. பிரஷருக்கோ டெல்மிசார்ட்டனோடு சிறுநீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. டைக்ளோஃபினாக், டெல்மிசார்ட்டன், சிறுநீர் பிரிக்கும் மருந்து, இந்த மூன்றும் வயதான உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆகாது. சிறுநீரகம் மந்தமானால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின், ஆறு மாதத்துக்கு முன்பு 1.1 இருந்தது, இப்போது 2.1. சிறுநீரகம் மந்தமானால் கிளிமிபிரைடு உடம்பிலேயே தங்கும், சர்க்கரை இன்னும் இறங்கும். இதில் எந்த டாக்டரும் தப்பாக எழுதவில்லை என்பதுதான் வேடிக்கை. அவரவர் சீட்டு அவரவர் அளவில் சரி. மொத்தப் பையையும் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பாட்டியிடம் கேட்டேன், ராத்திரி ஏன் சாப்பிடுவதில்லை என்று. "எந்திரிச்சுக் கக்கூசுக்குப் போக முட்டி விடமாட்டேங்குது சாமி. அதான் சாயந்திரத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல, சோறும் ஒரு வாய்தான்." பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் வருகிற பதில் இது, எந்த ஸ்கேனிலும் வராது.

மறுபடி சர்க்கரை இறங்கலாம் என்பதால் அன்றே அட்மிட் செய்து, டைக்ளோஃபினாக்கையும் கிளிமிபிரைடையும் நிறுத்தினோம். (இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள்.) அப்புறம் இதய டாக்டருக்கு போன் போட்டு, எது இருந்தே ஆக வேண்டும், எதைக் குறைக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பேசினேன். நோயாளி பேசினால் ரிசப்ஷனைத் தாண்டாத விஷயம், டாக்டர் பேசினால் தாண்டுகிறது. நல்ல வழக்கம் இல்லைதான். ஆனால் அப்படி இருக்கிறவரை அந்த போனைப் போடுவதும் என் வேலைதான் என்று நினைக்கிறேன்.

பரிந்து பேசுவது சில நேரம் பேப்பரிலும் நடக்கும். டைலர் கடை வைத்திருக்கும் ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். டிஸ்சார்ஜ் சம்மரியில் யாரோ 'சர்க்கரை நோய் 10 மாதமாக' என்பதற்குப் பதில் '10 வருடமாக' என்று எழுதிவிட்டார்கள். பழைய நோயை மறைத்து பாலிசி எடுத்ததாகச் சொல்லி கிளெய்மைத் தள்ளிவிட்டது இன்ஷூரன்ஸ் கம்பெனி. மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முதன்முதலில் சுகர் வந்த ரிப்போர்ட் தேதியோடு என் ஃபைலில் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் நார்மலாக இருந்த ரிப்போர்ட்டும் இருந்தது. இரண்டையும் இணைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி தன் ரெக்கார்டைத் தர இழுத்தடித்தது. 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், இதையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். அதற்கப்புறம்தான் நகர்ந்தது. பணம் வர நாலு மாதம் ஆனது. வராமல் போயிருந்தால் சென்னையில் இருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம், போகச் சொல்லியிருப்பேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. ஆனால் முதலில் கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் சொல்லாவிட்டாலோதான் அங்கே எடுப்பார்கள்.

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பீஸ் வாங்குவதில்லை. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து எழுதும்போது சலிப்பு வரத்தான் செய்யும், அதை மறைப்பானேன். ஆனால் பழைய ரிப்போர்ட் ஒரே இடத்தில் இருந்ததால்தானே அந்தக் கடிதத்தை எழுத முடிந்தது? தலைவலிக்கு ஒரு டாக்டர், கால்வலிக்கு ஒரு டாக்டர் என்று சுற்றுகிறவர்களுக்காக இப்படி எழுத, பாவம், யாரிடமும் எதுவும் இருக்காது.

பாட்டி நேற்று வந்திருந்தார். கிரியாட்டினின் 1.3-க்கு வந்திருக்கிறது, பையில் ஆறு அட்டைதான். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. பாரசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், தொடைக்கு இரண்டு பயிற்சி, இதற்கு மேல் இப்போதைக்கு என்னிடம் ஒன்றுமில்லை. அட்மிட்டான வாரமே மகனிடம் சொல்லி, கட்டில் பக்கத்தில் வைக்க ஒரு கமோடு நாற்காலி வாங்க வைத்திருந்தேன். "அதுல உக்கார வெக்கமா இருக்கு" என்றார் பாட்டி. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ராத்திரி ரெண்டு இட்லி சாப்பிடறேன்" என்றார்.