சுண்ணாம்பு பட்ட கண்ணில் தேசிப்புளி

வன்னியில் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான்கு வயதுப் பெண்பிள்ளை. அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருந்த சுண்ணாம்புப் பையை எடுத்து அழுத்தியிருக்கிறது. பொலித்தீன் முடிச்சு பிய்ந்து, சுண்ணாம்பு நேராக வலக்கண்ணில் அடித்துவிட்டது. இப்படி வரும் பிள்ளைகள் எங்களுக்குப் புதிதல்ல. அன்று புதிதாக இருந்தது, பிள்ளையின் முகத்தில் அடித்த தேசிக்காய் வாசம்.

"யார் தேசிப்புளி விட்டது?" என்று கேட்டேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "சுண்ணாம்பு ஒரு மூலம், அதாவது காரம், டொக்டர். தேசிப்புளி அமிலம். இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும்தானே வரும்?"

விடைத்தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும். ஆய்வுகூடத்தில் அளவி என்ற அளவுகோடிட்ட குழாயிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, காட்டி என்ற சாயத்தின் நிறம் மாறும் கணத்தில் நிறுத்துகிறோம். கண்ணுக்குள் எவ்வளவு சுண்ணாம்பு போனது என்று யார் அளந்தார்கள்? புளி குறைந்தால் காரம் அப்படியே இருக்கும். கூடினால் அமிலத்தின் காயமும் சேரும். அமிலமும் மூலமும் சேரும் நடுநிலையாக்கல் வெப்பத்தை வெளிவிடும் தாக்கம் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. வன் அமிலமும் வன் மூலமும் சேர்ந்து ஒரு மூல் நீர், அதாவது ஏறத்தாழ 18 கிராம், உருவாகும்போது ஏறத்தாழ 57 கிலோயூல் வெளிவரும். எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம், தேசிக்காய் தேடி, வெட்டி, பிழிந்த அந்த நிமிடங்கள்.

வெற்றிலைச் சுண்ணாம்பு என்பது கல்சியம் ஐதரொட்சைட்டு. ஒரு லீற்றர் நீரில் இரண்டு கிராம்கூடக் கரையாது. அதனாலேயே அதைச் சாதுவான பொருள் என்று எண்ணுகிறார்கள், வாயில் போடுகிற சாமான்தானே என்று. ஆனால் பனை முட்டியின் உட்புறம் அதைப் பூசிக் கருப்பநீர் இறக்குபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கருப்பநீரைக் கள்ளாக நொதிக்கச் செய்யும் மதுவங்கள் என்ற நுண்ணுயிர்களையே அந்தப் பூச்சு அடக்கிவிடுகிறது. கண்ணில் அது கரையாமல் இருப்பதுதான் வினை. துணிக்கைகள் மேல் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு, கண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைந்தபடியே இருக்கும். பி.எச். என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண், காரம் கூடக் கூட அது ஏறும். நிரம்பிய சுண்ணாம்பு நீரின் பி.எச். பெறுமானம் 12.4 அளவில் நிற்கும், கண்ணீருடையது 7.4 அளவில். ஒரு படிக்குப் பத்து மடங்கு என்றால் ஐந்து படிக்கு இலட்சம் மடங்கு.

அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரைந்து, அந்தத் திரையே அமிலம் மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரம் அப்படியல்ல. இழையத்தின் கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றிக்கொண்டு உள்ளே போகும். எண்ணெயும் சோடாக் காரமும் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சுகிறோமே, அந்த வேலை கண்ணின் முன்புறத்தில் கண்ணாடிபோல் இருக்கும் விழிவெண்படலத்தில் நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மரக்கச் செய்யும் துளிமருந்து விட்டு, மேல் இமையைப் புரட்டி, பஞ்சுக் குச்சியால் வெள்ளைப் பொருக்குகளை எடுத்தோம். சேலைன் குழாயைக் கண்ணில் ஓடவிட்டோம். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியில் பி.எச். காட்டும் கட்டம் ஒன்று உண்டு. அதை வெட்டி இமையோரத்தில் வைத்தால், அத்தனை புளிக்குப் பிறகும் நிறம் பட்டியின் உச்ச அளவுக்குப் போனது. அரைமணி நேரம் கழுவியதும் இறங்கியது. பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஏறியிருந்தது. இமையை இன்னொரு முறை புரட்டினால், மடிப்பின் ஆழத்தில் கடுகளவு சுண்ணாம்பு.

வீட்டில் செய்ய வேண்டியது தண்ணீர் ஊற்றுவது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீர் போதும். வெளியே தெரியும் சுண்ணாம்பை ஈரத்துணியால் வழித்தெடுத்துவிட்டு, பட்ட கண் கீழ்ப்பக்கம் வரும்படி தலையைச் சரித்து, இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் ஊற்றுங்கள். பிள்ளை கத்தும், கத்தட்டும். பிறகு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். தாய்ப்பால், நல்லெண்ணெய், துணிக்கட்டு எதுவும் வேண்டாம்.

உழவு இயந்திரப் பற்றரியின் அசிட் தெறித்தாலும் இதே தண்ணீர்தான். அது சல்பூரிக் அமிலம். கொட்டிய நிலத்துக்கு அப்பச்சோடா தூவலாம். தோலுக்கும் கண்ணுக்கும் வேண்டாம். அந்த அசிட்டைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பவர்களைப் பற்றி எழுதினால் என் இரத்த அழுத்தம்தான் ஏறும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; வரும்போது தொண்டையை இரண்டாம் முறை எரித்துக்கொண்டு வரும்.

மாரி வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளில் மிஞ்சியதைக் கழிப்பறைக்குப் போட்டு, அதன்மேல் கறை நீக்கும் அசிட்டையும் ஊற்றிய ஒருவர், மூச்சு இழுக்க இழுக்க வந்தார். ஐதரோகுளோரிக் அமிலம் அந்தத் தூளோடு சேர்ந்தால் கல்சியம் குளோரைட்டு என்ற உப்பும் நீரும் வருகின்றன, கூடவே குளோரீன் வாயுவும். 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஆட்களைக் கொன்ற வாயு அது. காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம் என்பதால் சிறிய அறைக்குள் அடியிலேயே தங்கும்.

பிள்ளையைக் கண் வைத்தியரிடம் அனுப்பும்போது அண்ணன் கேட்டான்: "அப்படியென்றால் தேசிப்புளி எதற்குத்தான் உதவும், டொக்டர்?" வீட்டுக் கேத்திலின் அடியைப் பார்க்கச் சொன்னேன். கல்சியம் கூடிய கிணற்று நீர் காய்ச்சிக் காய்ச்சி வெள்ளையாகப் படிந்திருக்கும். கல்சியம் காபனேற்று, ஆனையிறவில் விளைவது மட்டும் உப்பு அல்ல, இதுவும் உப்புத்தான். தேசிப்புளி விட்டால் காபனீரொட்சைட்டு நுரைத்துக்கொண்டு கழன்று போகும்.

இரண்டு கிழமை கழித்துக் கிளினிக்குக்குத் தங்கையோடு வந்தான். கண்ணின் சிவப்பு வற்றியிருந்தது. படலத்தின் ஓரத்தில் மங்கல் கொஞ்சம் மிச்சம். கேத்தில் வெளுத்துவிட்டதாம். அம்மம்மாவின் சுண்ணாம்பு இப்போது திருகுமூடிப் பேணியில், அலுமாரிக்கு மேலே இருக்கிறதாம். எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு முறையும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அலுத்துக்கொண்டான்.