இசை சிகிச்சை அமர்வில் நிகழும் உரையாடலை ஆராய்வது எப்படி?

பேச்சு வராத ஒரு குழந்தை முரசை நான்கு முறை தட்டிவிட்டு நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பியானோவின் முன் அமர்ந்திருக்கும் சிகிச்சையாளர் அதே வேகத்தில் நான்கு சுரங்களை வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். குழந்தை மறுபடியும் தட்டுகிறது. அது பதிலா, தன்போக்கில் எழுந்த ஒலியா? இசை சிகிச்சை அமர்வுகளை ஆராய்பவர்கள் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான்.

அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் ஆங்கிலேயச் சிறப்புக் கல்வி ஆசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சன்ஃபீல்ட் குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்து பணியாற்றத் தொடங்கியபோது, அமர்வுகளை ஒலிநாடாவில் பதிவுசெய்து பின்னர் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். குழந்தைக்கும் சிகிச்சையாளருக்கும் இடையிலான உறவையும், குழந்தையின் இசைவழித் தொடர்பையும் படிநிலைகளாக மதிப்பிடும் அளவுகோல்களை அவர்கள் உருவாக்கினார்கள்.

ஆய்வாளர் தேடுவது குழந்தை எவ்வளவு நன்றாக வாசித்தது என்பதை அன்று. ஒருவருடைய ஒலி மாறும்போது மற்றவருடைய ஒலி என்ன ஆகிறது என்பதையே. இருவரும் ஒரே லயத்தில் இருப்பது மட்டும் சான்றாகாது. தேர்ந்த சிகிச்சையாளர் குழந்தையின் தட்டலை உடனுக்குடன் பின்பற்றுவதால், குழந்தை கேட்காமலே தட்டிக்கொண்டிருந்தாலும் பதிவில் இருவரும் இணைந்திருப்பதுபோலத் தோன்றும். ஆகவே சிகிச்சையாளர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்த இடங்களையும் இடைநிறுத்திய இடங்களையும் ஆராய வேண்டும். அங்கே குழந்தையும் வேகத்தைக் குறைத்தால், அது கேட்கிறது என்று சொல்ல வலுவான காரணம் உண்டு.

அமெரிக்க இசை சிகிச்சையாளர் கென்னத் புரூசியா 1987இல் வெளியிட்ட மதிப்பீட்டு முறையின் ஒரு பகுதி, ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கிறாரா, பின்தொடர்கிறாரா, சமமான துணையாக வாசிக்கிறாரா, வழிநடத்துகிறாரா, எதிர்த்து விலகுகிறாரா என்று பிரித்துப் பார்க்கிறது. எதிர்ப்பையும் ஓர் உறவுநிலையாக ஏற்றதை இம்முறையின் பெரும் சிறப்பாகக் கருதுகிறேன், ஏனெனில் காதில் விழாத ஒன்றை யாரும் எதிர்க்க முடியாது.

பின்லாந்தின் யூவாஸ்கூலா பல்கலைக்கழகத்தில் யாக்கோ எர்க்கிலா, பெத்ரி தொய்வியாய்னென் ஆகியோரின் குழு இதற்கெனக் கணினி மென்பொருளை உருவாக்கியது. மின்னணுக் கருவிகளில் இருவரும் வாசித்தது தனித்தனித் தரவாகப் பதிவாவதால், சுரங்களின் அடர்த்தி, ஒலியின் வலிமை, லயத்தின் தெளிவு போன்றவை ஒவ்வொருவருக்கும் எப்படி ஏறி இறங்கின என்பதை அருகருகே வரைந்து, யார் முந்தினார், யார் தொடர்ந்தார் என்று காண முடிகிறது. ஆனால் பார்வையும் முகக்குறிப்பும் அந்தத் தரவில் இல்லாததால், காணொளியைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பார்க்கும் நுண்ணாய்வும் தேவைப்படுகிறது.

2017இல் வெளியான, ஒன்பது நாடுகளில் ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், இசை சிகிச்சை பெற்ற குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவர்களுள் 48 குழந்தைகளின் அமர்வுக் காணொளிகளை உறவின் தரத்தை அளக்கும் கருவியால் மதிப்பிட்டபோதோ, சிகிச்சையாளர் குழந்தையின் நிலைக்கு எவ்வளவு பொருந்தி இசைத்தார் என்பதற்கும் பின்னர் ஏற்பட்ட மாற்றத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஆயினும் பொருத்தம்தான் மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. முன்னேறக்கூடிய குழந்தையோடு பொருந்துவதே எளிதாக இருந்திருக்கலாம்.