அடாப்டருக்கு ஆர்-எண் வாங்குவது எப்படி: பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுத் திட்டம்

மொபைல் சார்ஜர், பவர்பேங்க், எல்.இ.டி. பல்பு, ஸ்மார்ட் வாட்ச், சிசிடிவி கேமரா. இவற்றை இந்தியாவில் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ, விற்பதற்காக இருப்பு வைக்கவோ வேண்டுமானால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் இருந்தாக வேண்டும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை (இப்போது அமைச்சகம்) 2012-ல் 15 வகைப் பொருட்களோடு இந்த ஆணையைக் கொண்டுவந்தது. அதன்பின் பட்டியல் பல கட்டங்களாக நீண்டது; 2021 மார்ச்சில் ஆணையே புதிதாக வெளியிடப்பட்டது. தொழிலில் இந்தக் கட்டாயப் பதிவுத் திட்டத்தை ஆங்கிலச் சுருக்கமாக சி.ஆர்.எஸ். என்றும், கிடைக்கும் எண்ணை ஆர்-எண் என்றும் சொல்கிறோம்.

பலர் இதைப் பொருள் தயாரான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறார்கள். செலவு ஏறுவதே அங்குதான். ஆய்வகம் உங்கள் பெட்டியை மட்டும் சோதிப்பதில்லை. உள்ளே எந்த நிறுவனத்தின், எந்த எண் கொண்ட கெப்பாசிட்டர், எந்த பாபின் (டிரான்ஸ்ஃபார்மர் கம்பியைச் சுற்றும் கூடு), எந்த பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றையும் எழுதிப் பதிவு செய்கிறது. ஆகவே சர்க்யூட் வரையும்போதே இந்தத் திட்டம் மேசை மேல் இருக்க வேண்டும்.

எந்தத் தரம் உங்களுக்கு?

முதல் குழப்பம் இங்கேதான். பொருளின் பயன்பாட்டைப் பொறுத்தே ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்) மாறும், உள்ளிருக்கும் சர்க்யூட்டைப் பொறுத்து அல்ல. ஒரே 12 வோல்ட் சர்க்யூட் பலகையை ரவுட்டருக்கான அடாப்டராக விற்றால் ஐ.எஸ். 13252 (பகுதி 1). எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவராக விற்றால் ஐ.எஸ். 15885 (பகுதி 2, பிரிவு 13). ஆடியோ கருவிக்கான அடாப்டர் என்றால் ஐ.எஸ். 616. ஹோல்டரில் மாட்டும் எல்.இ.டி. பல்புக்கு ஐ.எஸ். 16102 (பகுதி 1). லித்தியம் செல்லுக்கு ஐ.எஸ். 16046. ஒன்றுக்கு வாங்கிய எண்ணை இன்னொன்றில் ஒட்ட முடியாது.

ஐ.எஸ். 13252, ஐ.எஸ். 616 இரண்டின் இடத்துக்கும் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62368-1 : 2023 வந்துகொண்டிருக்கிறது. பழையது எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, எந்தக் காப்பு (இன்சுலேஷன்) என்று நேராகச் சொல்லும். புதியது ஆற்றல் மூலங்களை வகைப்படுத்துகிறது: மின்சாரம் இ.எஸ்.1 முதல் இ.எஸ்.3 வரை, தீ அபாயம் பி.எஸ்.1 முதல் பி.எஸ்.3 வரை. அந்த மூலத்துக்கும் மனிதருக்கும் நடுவே என்ன தடுப்பு இருக்கிறது என்று கேட்கிறது. புதிதாக வடிவமைப்பைத் தொடங்குகிறவர்கள் 62368-க்கே வரைவது நல்லது. பழைய தரத்துக்கு வரைந்துவிட்டு ஓரிரு ஆண்டில் மறுபடி சோதனைக்குப் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

பதிவு யார் பெயரில்?

தயாரிக்கும் ஆலையின் பெயரில், அந்த ஆலையின் முகவரிக்கு. இரண்டு ஊரில் ஆலை இருந்தால் இரண்டு பதிவு. நீங்கள் வடிவமைத்து, வேறொரு ஒப்பந்த உற்பத்தியாளரிடம் செய்து வாங்குகிறீர்கள் என்றால் விண்ணப்பதாரர் அந்த உற்பத்தியாளர். “எங்களிடம் ஏற்கெனவே ஆர்-எண் இருக்கிறது” என்று அவர் சொன்னால் உடனே மகிழ வேண்டாம். அது அவருடைய பிராண்டுக்கும் அவருடைய மாடலுக்கும் வாங்கியது. உங்கள் பிராண்டையும் மாடலையும் அதில் முறைப்படி சேர்த்தால்தான் உங்கள் பெட்டிக்குச் செல்லும். அதற்கு வர்த்தகக் குறியீட்டுச் சான்றும், அதைப் பயன்படுத்த நீங்கள் கொடுக்கும் அனுமதிக் கடிதமும் தேவை. வெளிநாட்டு ஆலை என்றால், இந்தியாவில் ஒரு அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியை நியமித்தாக வேண்டும்.

உங்கள் பொருளோடு பெட்டியில் வைத்துக் கொடுக்கும் அடாப்டருக்குத் தனியாக ஆர்-எண் இருக்க வேண்டும். பவர்பேங்க் என்றால் உள்ளே இருக்கும் செல்லுக்கு ஒன்று, பவர்பேங்குக்கு ஒன்று. மலிவாகக் கிடைக்கிறதென்று எண் இல்லாத செல்லை வாங்கிப் போட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

விண்ணப்ப வரிசை

சி.ஆர்.எஸ். இணையவாசலில் உற்பத்தியாளராகக் கணக்குத் தொடங்கி, சோதனைக் கோரிக்கையை உருவாக்க வேண்டும். பி.ஐ.எஸ். அங்கீகரித்த ஆய்வகங்களில் ஒன்றைத் தேர்ந்து மாதிரிகளை அனுப்ப வேண்டும். ஆய்வகம் அங்கீகாரம் பெற்றதா என்பதோடு, உங்கள் ஐ.எஸ். எண்ணுக்குப் பெற்றதா என்றும் பாருங்கள். சோதனை அறிக்கை வந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஆவணம் தேடுவதில் அந்த நாட்கள் கரைந்தால் சோதனைச் செலவு வீண். ஆலை உரிமம், வர்த்தகக் குறியீடு, கையெழுத்திடுபவருக்கான அதிகாரக் கடிதம், உறுதிமொழிகள், உத்யம் சான்று (சிறு, குறு, நடுத்தரத் தொழில் பதிவு) ஆகியவற்றை மாதிரி அனுப்பும் நாளிலேயே தயார் செய்து வையுங்கள்.

மாதிரி அனுப்பும்போது மூடிய பெட்டிகள் மட்டும் போதாது. பாகம் பொருத்தாத வெற்று சர்க்யூட் பலகை (பி.சி.பி.), வார்னிஷில் முக்காத டிரான்ஸ்ஃபார்மர், தனி பிளாஸ்டிக் உறை ஆகியவையும் வேண்டும். எத்தனை என்பதை ஆய்வகம் சொல்லும். கூடவே சர்க்யூட் வரைபடம், பி.சி.பி. லேஅவுட், டிரான்ஸ்ஃபார்மர் விவரத்தாள், முக்கிய பாகங்களின் பட்டியல், அந்தப் பாகங்களின் சான்றிதழ்கள்.

ஒரே குடும்பத்து மாடல்களைத் தொடராகச் சேர்த்து, முதன்மை மாடலைச் சோதித்து, ஒரே அறிக்கையில் அடக்க வழி உண்டு. எதைச் சேர்க்கலாம், எதைக் கூடாது என்பதற்குப் பொருள்வாரியான வழிகாட்டுதல் இருக்கிறது. மொபைல் போன்ற பொருட்களுக்கு 2022 டிசம்பரில் இணைச் சோதனை முறை வந்தது. முன்பு செல்லுக்கு எண் வந்த பிறகுதான் பேட்டரி, பேட்டரிக்கு வந்த பிறகுதான் போன். இப்போது செல்லின் ஆய்வக அறிக்கையை வைத்தே பேட்டரி சோதனையைத் தொடங்கலாம். வாரக்கணக்கில் மிச்சமாகும்.

ஆய்வகத்தில் பொருள் எங்கே தோற்கும்?

ஒரு சாதாரண 230 வோல்ட் அடாப்டரை எடுத்துக்கொள்வோம். கீழே சொல்லும் எண்கள் ஐ.எஸ். 13252-ன்படி.

மெயின் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் (பிரைமரி) வெளியே கொடுக்கும் பக்கத்துக்கும் (செகண்டரி) இடையே பலகையின் மேற்பரப்பு வழியாக அளக்கும் தூரம், அதாவது கிரீப்பேஜ், 250 வோல்ட் வேலை மின்னழுத்தத்தில் 5 மி.மீ. இருக்க வேண்டும். பலரும் இந்த எண்ணை மனத்தில் வைத்தே வரைகிறார்கள். ஆனால் இத்தகைய அடாப்டர்களில் வழக்கமான ஃப்ளைபேக் வகை சர்க்யூட்டில் ஆய்வகம் டிரான்ஸ்ஃபார்மர் முனைகளுக்கிடையே அளக்கும்போது வேலை மின்னழுத்தம் 250-ஐத் தாண்டலாம். அது 320 என்று வந்தால் தேவை 6.4 மி.மீ. ஆகிறது. இப்போது ஆப்டோகப்ளரை, அதாவது இரு பக்கத்துக்கும் இடையே ஒளி வழியாகச் சமிக்ஞை கடத்தும் பாகத்தை, பாருங்கள். வழக்கமான நாலு கால் வகையில் இரு வரிசைக்கும் இடையே 7.62 மி.மீ. காலைச் சாலிடர் செய்யும் செம்பு வட்டத்தின் (பேட்) விட்டம் 2 மி.மீ. என்றால் மிச்சம் 5.62 மி.மீ. தான். 5 கேட்டால் தேறும், 6.4 கேட்டால் தோற்கும். கால்கள் 10.16 மி.மீ. அகலமாக வளைத்த வகையை முதலிலேயே தேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அடியில் ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான வெட்டு கொடுப்பதும் பலகை மேற்பரப்பில் தூரத்தைக் கூட்டும். ஆனால் காற்று வழியே நேராக அளக்கும் தூரத்தை அது கூட்டாது.

டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் கடினமான இடம். எனாமல் கம்பியின் மேல்பூச்சை காப்பு என்று தரம் ஏற்பதில்லை. மூன்று அடுக்குக் காப்புள்ள கம்பியை செகண்டரிக்குப் போட வேண்டும், அல்லது சுற்றின் இரு ஓரத்திலும் மார்ஜின் டேப் வைத்து நடுவில் மூன்று சுற்று டேப் போட வேண்டும். மூன்றடுக்குக் கம்பி போட்டும் தோற்கிறவர்கள் உண்டு. சாலிடர் செய்ய முனையில் காப்பை உரிக்கும்போது தேவைக்கு மேல் உரித்துவிட்டு, அந்த வெறும் கம்பி டிரான்ஸ்ஃபார்மரின் கோர் (காந்தப் பொருளான நடுப்பகுதி) அருகே போகும். ஃபெரைட் கோர் கடத்தும் பொருளாகவே கணக்கில் எடுக்கப்படும் என்பதை மறக்கக் கூடாது.

வெப்பச் சோதனையில் ஒரு கணக்கு இருக்கிறது. லேபிளிலோ விவரத்தாளிலோ “40 டிகிரி வரை” என்று எழுதினால், 25 டிகிரி அறையில் அளந்த ஒவ்வொரு அளவோடும் 15-ஐக் கூட்டுவார்கள். வெப்பம் தாங்குவதில் பி வகையான காப்புள்ள கம்பிச் சுற்றுக்கு வரம்பு 120 டிகிரி. தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணர்கம்பி வைத்து அளந்தால் 10 குறைத்து 110. மேசையில் 98 காட்டிய டிரான்ஸ்ஃபார்மர் இந்தக் கணக்கில் 113 ஆகித் தோற்கும். சென்னைக் கோடைக்கு 40 டிகிரியே குறைவு. எண்ணைக் குறைத்து எழுதித் தப்பிப்பதை விட்டுவிட்டு, கோரை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

பிரைமரிக்கும் செகண்டரிக்கும் குறுக்கே வரும் கெப்பாசிட்டர் சான்று பெற்ற, ஒய்1 என்ற பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். அங்கே சாதாரண நீல செராமிக் வட்டைப் பொருத்துவது உயிருக்கே ஆபத்து: அது ஷார்ட் ஆனால் யு.எஸ்.பி. வயரைத் தொடுகிறவர் மெயின் லைனைத் தொடுகிறார். உள்வரும் லைனுக்குக் குறுக்கே எக்ஸ்2 கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபேரடுக்கு மேல் இருந்தால், பிளக்கை உருவிய பிறகு அது வடிய வேண்டும். நேர மாறிலி (கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மதிப்புகளின் பெருக்கல்) 1 விநாடிக்குள். 0.22 மைக்ரோஃபேரடுக்கு 1 மெகாஓம் ரெசிஸ்டர் போட்டால் 0.22 விநாடி, தாராளமாகப் போதும். செலவைக் குறைக்கிறேன் என்று அந்த ரெசிஸ்டரை எடுத்துவிடுகிறவர்கள் இந்தச் சோதனையில் நேராகத் தோற்கிறார்கள்.

பிளாஸ்டிக் உறை சோதனைக்கு வரும்போது நல்ல பிளாஸ்டிக் மணியில் (உருக்கி வார்க்கும் துகள்) வார்த்தது. உற்பத்தியில் மறுசுழற்சி மணி கலந்தது. பின்னாளில் சந்தை மாதிரி தோற்பதற்கு இதுவே பெரிய காரணம். பிளக் பின்கள் நேரடியாகப் பதிந்த பிளாஸ்டிக்கை குறைந்தது 125 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் எஃகுக் குண்டால் அழுத்துவார்கள். பள்ளத்தின் விட்டம் 2 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. கலப்பு மணி இதில் குழைந்துவிடும்.

லேபிளையும் எளிதாக நினைக்க வேண்டாம். தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பெட்ரோலிய ஸ்பிரிட்டில் நனைத்ததால் 15 விநாடி தேய்ப்பார்கள். எழுத்து அழியக் கூடாது. மாடல் பெயர் லேபிளிலும் அறிக்கையிலும் விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இடைக்கோடு, இன்னொன்றில் இடைவெளி என்றால் விளக்கம் கேட்டு விண்ணப்பம் திரும்பும்.

பாகம் கிடைக்காமல் போனால்

இதுதான் பதிவு வாங்கியவர்களை அதிகம் மாட்டிவிடுவது. பதிவான ஒய் கெப்பாசிட்டர் சந்தையில் இல்லை, அதே மதிப்பில் வேறு கம்பெனியுடையது இருக்கிறது. கொள்முதல் பிரிவு வாங்கிப் போட்டுவிடுகிறது. அந்த நொடியிலிருந்து நீங்கள் விற்பது பதிவான பொருள் அல்ல. ஃபியூஸ், ஆப்டோகப்ளர், எக்ஸ் மற்றும் ஒய் கெப்பாசிட்டர், பாபின் பிளாஸ்டிக், டேப், பி.சி.பி. பலகை, உறை, செல் ஆகிய எல்லாம் முக்கிய பாகங்கள். முதல் சோதனையிலேயே ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மாற்று நிறுவனங்களைப் பட்டியலில் எழுதி, சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். அப்போது அதற்குக் கூடுதல் செலவு சொற்பம். பின்னால் சேர்க்கப் போனால் ஆய்வக மதிப்பீடு, பி.ஐ.எஸ்.-க்குத் தகவல், காத்திருப்பு என்று நீளும். அதுவரை உற்பத்தி நிற்கும்.

சிசிடிவி செய்வோருக்கு

இந்தப் பொருளில் மட்டும் மின் பாதுகாப்போடு தகவல் பாதுகாப்பும் சேர்ந்துவிட்டது. 2024 ஏப்ரல் 9 அறிவிக்கையின்படி அடிப்படைத் தேவைகள் வகுக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 9 முதல் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தன. பலகையில் யுஆர்ட் போன்ற பிழைதிருத்த முனைகள் திறந்திருக்கக் கூடாது. மூடப்பட்டிருக்க வேண்டும், அல்லது வலுவான கடவுச்சொல் காவல் வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி மறைச்சாவி (குறியாக்கச் சாவி) வேண்டும். ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) டிஜிட்டல் கையொப்பமிட்டதாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஆயத்தப் பலகையை வாங்கி உறை மட்டும் மாட்டுகிறவர்களால் இதற்குப் பதில் சொல்வது கடினம், ஏனென்றால் மூலநிரலும் சிப் விவரமும் அவர்கள் கையில் இருக்காது. பலகையை வாங்குமுன் ஒப்பந்தத்திலேயே அவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எண் வந்த பிறகு

பொருளின் மேல் தரக்குறி, அதன் மேலே ஐ.எஸ். எண், கீழே ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டு இலக்க எண் வர வேண்டும். முதல் பதிவு இரண்டு ஆண்டுக்கு; புதுப்பிக்கும்போது ஐந்து ஆண்டு வரை எடுக்கலாம். இடைப்பட்ட காலத்தில் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். தோற்றால் பதிவு ரத்தாகலாம். தரமற்ற சரக்கைப் பயன்படுத்த முடியாதபடி உருக்குலைத்துக் கழிவாக அகற்ற வேண்டும் என்று ஆணையே சொல்கிறது. பதிவின்றி விற்றால் 2016-ம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டத்தின் 29-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது முதல் முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம், அடுத்த முறை குறைந்தது 5 லட்சம். அபராதம் சரக்கின் மதிப்பில் பத்து மடங்கு வரை போகலாம்.

வாங்கி விற்கும் கடைக்காரருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. பி.ஐ.எஸ். கேர் செயலியில் ஆர்-எண்ணை அடித்தால் உற்பத்தியாளர், பிராண்டு, பொருள் வகை, பதிவின் நிலை தெரியும். சரக்கு இறக்குமுன் பெட்டியில் இருக்கும் பிராண்டும் திரையில் வரும் பிராண்டும் ஒன்றா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.